அழிறப்பரும் நீத்துப்பெட்டியும்

என் மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியது மரண அறிவித்தல்களில். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். "பச்சைப் பிள்ளையிடம் கொடுக்கிற பக்கமா அது?" என்று மாமி ஒருவர் தொலைபேசியிலேயே ஏசினார். அன்று அவருக்குச் சொல்ல முடியாமற்போனதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

2020 மார்ச் 13ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. அடுத்த வாரமே ஊரடங்கு. கொழும்பில் வேலை பார்க்கும் கணவர் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். கொக்குவில் வீட்டில் நான், என் அம்மா, தரம் 5இல் படித்த மூத்தவள், தரம் 2இல் படித்த சின்னவன். மூத்தவளுக்கு அது புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு அந்த ஆண்டு வந்துவிட்டால் அயலட்டையில் வானொலியைக்கூடச் சத்தமாகப் போடமாட்டார்கள். சின்னவனுக்கோ எழுத்துகள் தெரியும், சொற்கள் தெரியாது. ‘க’ தனியே, ‘ட’ தனியே வந்தால் அடையாளம் கண்டுகொள்வான். ‘கடகம்’ என்று சேர்ந்து வந்தால் என் முகத்தைப் பார்ப்பான்.

வைபர் குழுவில் வினாத்தாள்கள் வந்து குவிந்தன. அவற்றை அச்சிட்டுக்கொடுக்கும் கடைகள் பூட்டிக் கிடந்தன. இடையிடையே, பிள்ளைகளின் ஆக்கத்திறனை வளர்ப்பதற்கு என்று சில படங்களும் வரும். அப்படி வந்ததுதான் பஞ்சில் செய்யும் பனிமனிதன். சித்திரை வெயிலில் முற்றத்து மண் காலைச் சுடுகிறது, நாங்கள் விறாந்தையில் உட்கார்ந்து பனிமனிதன் செய்கிறோம். பஞ்சுக்கு எங்கே போவது? அம்மா சாமி விளக்குக்குத் திரி திரிக்க வைத்திருந்த பொதியை எடுத்தோம். ஒட்டுவதற்குச் சோற்றுப் பசை, கண்ணுக்கு இரண்டு மிளகு. படம் எடுத்து அனுப்பினேன், கட்டைவிரல்கள் வந்தன. அத்துடன் அந்தப் பனிமனிதனின் வேலை முடிந்துவிட்டது. மாலையில் கதிரைக்குக் கீழே கிடந்தது. மறுநாள் எறும்பு மொய்த்தது.

மறுநாள் மாலை அம்மா விளக்கேற்றப் போய்ப் பஞ்சுப் பொதியைத் தேடினார். விஷயம் தெரிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னவனைக் கூப்பிட்டுப் பனிமனிதனைக் கொண்டுவரச் சொன்னார். எறும்பைத் தட்டி, பசை படாத பஞ்சைப் பிய்த்து, மடியில் வைத்துத் திரிக்கக் காட்டிக்கொடுத்தார். அவன் திரித்த முதல் திரி நடுவில் புடைத்து மண்புழுபோல இருந்தது. ஆனாலும் எரிந்தது. அது எரிந்து முடியும்வரை சாமியறை வாசலைவிட்டு அவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் அவனாகவே வந்து, "இன்றைக்கு எத்தனை திரி வேண்டும் அம்மம்மா?" என்று கேட்டான்.

பனிமனிதனுக்கு அவன் ஒரு மணித்தியாலம்கூடப் பொறுமையாக இருக்கவில்லை. திரிக்கு இருந்தான். அதை நான் கவனித்தது அன்று இரவு பாயில் படுத்தபிறகுதான்.

இணையத்தில் வருவதெல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டேன். சில நல்லவை. ஆனால் அவற்றுக்கு வேண்டிய பொருள்கள் எங்கோ வேறொரு ஊரின் வீட்டில் சும்மா கிடப்பவை. நம் வீட்டில் சும்மா கிடப்பவை வேறு.

பிட்டு அவிக்கும் பனையோலைப் பெட்டியான நீத்துப்பெட்டி அப்படித்தான் வந்தது. எங்கள் வீட்டு நீத்துப்பெட்டியின் அடி ஊரடங்கு தொடங்கிய இரண்டாம் வாரத்தில் கிழிந்துபோனது. சந்தை இல்லை, பெட்டி விற்கும் ஆச்சிமாரும் இல்லை. அலுமினியக் குழலில் அவிக்கலாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. பின்வளவு வடலிப் பனையில் ஓலை வெட்டி, ஈர்க்குக் கழித்து, வார்ந்து, வெயிலில் போட்டு, இழைப்பதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிவைத்து, இவ்வளவும் நடக்க மூன்று நாளாயிற்று. மூத்தவள் வினாத்தாளை மூடிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. தடுத்திருக்கவேண்டும் என்று அப்போது மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஓலை இழைப்பது கணக்கு. ஒன்றை எடு, ஒன்றை விடு. அடுத்த வரியில் விட்டதை எடு. ஓரிடத்தில் தவறினால் அந்த இடத்தில் தெரியாது. நாலு வரி தள்ளிப்போய்ச் சரிந்து காட்டும். மூத்தவள் மூன்று தடவை அவிழ்த்தாள். அம்மா எங்கே தவறு என்று சொல்லவில்லை. "பின்னால் போ" என்று மட்டும் சொன்னார். தட்டையாகப் போய்க்கொண்டிருந்த ஓலை ஒரு மூலையில் மடங்கியவுடன் கூம்பாக எழுந்து நின்றபோது பிள்ளையின் வாய் திறந்தபடியே இருந்தது. கூம்பு என்ற சொல்லைப் பாடப்புத்தகத்தில் படம் பார்த்து எழுதியவள் அவள். கூம்பு இப்படித்தான் உண்டாகிறது என்பதை அன்றுதான் கண்டாள்.

அவள் இழைத்த முதல் பெட்டியில் ஆவி நாலுபக்கமும் சீறியது, பிட்டு வேகவில்லை. அது வெங்காயம் போடும் பெட்டியாகிவிட்டது. இரண்டாவதில் அவித்தோம். கொஞ்சம் ஈரலிப்பாக இருந்தது. அம்மா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இனி மரண அறிவித்தலுக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. சத்திரசிகிச்சைக்குக் கொடுத்த திகதி ஊரடங்கால் தள்ளிப்போயிற்று. பத்திரிகை வாசிக்காமல் அவருக்கு நாள் விடியாது. அதிலும் முதலில் திருப்புவது மரண அறிவித்தல் பக்கம். இந்த ஊரில் ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் அப்படித்தான். யார் போய்விட்டார்கள் என்று பார்த்தபிறகுதான் நாட்டு நடப்பு. ஊரடங்கில் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. கட்டிவைத்த பழைய பத்திரிகைகள் அடுப்படியில் இருந்தன. "பழையதென்றாலும் பரவாயில்லை, யாராவது வாசியுங்கள்" என்றார். நான் சமையலில் நின்றேன். மூத்தவள் ஓலையில் இருந்தாள். மிஞ்சியவன் சின்னவன்.

முதல் நாள் ஒரு அறிவித்தலுக்கு அரை மணித்தியாலம் பிடித்தது. ‘புங்குடுதீவு’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, உழவு மாடு மேடு ஏறுவதுபோல ஏறினான். அம்மாவுக்கு அவசரம் இல்லை. சாய்மனைக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் பிழையாக வாசித்தால் திருத்தவில்லை. "அப்படி ஒரு ஊர் இல்லையே மோனை" என்பார். அவன் திரும்பப் போய்ப் பார்ப்பான்.

பத்து நாள் கழித்து நான் கவனித்தேன். மரண அறிவித்தல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ‘பிறப்பிடமாகவும்’, ‘வதிவிடமாகவும் கொண்ட’, ‘காலஞ்சென்றவர்களான’, ‘அன்பு மகளும்’, ‘பாசமிகு தாயாரும்’, ‘அன்னாரின் இறுதிக்கிரியைகள்’, ‘உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும்’. மாறுவது பெயரும் ஊரும்தான். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு இதைவிட வசதியான பாடம் வேறென்ன? மூன்றாவது அறிவித்தலுக்கு வரும்போது அந்த அச்சு வாக்கியங்களில் அவன் சறுக்கு மரத்தில் இறங்குவதுபோல இறங்கினான். பெயர்களில் மட்டும் நின்று நின்று போனான். ‘காலஞ்சென்றவர்களான’ என்பதில் 11 எழுத்து இருக்கிறது என்று எண்ணிச் சொன்னான். தனக்கு வாசிக்கத் தெரிந்த ஆக நீளமான சொல் அதுதான் என்று கொழும்பிலிருந்த அப்பாவுக்கும் தொலைபேசியில் சொன்னான். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது.

இன்னொரு நாள் ஒரு நீண்ட அறிவித்தலை வாசித்து முடித்துவிட்டு, மகள், மனைவி, தாய், மாமி, மைத்துனி, சகோதரி, பேத்தி, பூட்டி என்று வந்த அத்தனையையும் விரலில் எண்ணிவிட்டு, "இவ்வளவு பேரும் ஒரே ஆளா அம்மம்மா?" என்று கேட்டான். அன்று மூத்தவள் ஓலையை விட்டுவிட்டு வந்து, அந்த அறிவித்தலை வைத்து ஒரு குடும்ப மரம் வரைந்தாள். சகலன் என்றால் யார், சம்பந்தி என்றால் யார் என்று அம்மா விளக்கியதில் எங்கள் குடும்பத்தின் பழைய காணிப் பிணக்கு ஒன்றும் வெளியே வந்துவிட்டது. அது இங்கே வேண்டாம்.

வதிவிடங்கள்தான் அவனை அதிகம் இழுத்தன. ரொறன்ரோ எங்கே? ஒஸ்லோ எங்கே? சுவரில் என் காலத்து உலகப் படம் ஒன்று மஞ்சளித்துத் தொங்கியது. குத்துவதற்கு ஊசியில்லை. அம்மாவின் ஒட்டுப்பொட்டு மட்டை இருந்தது. ஒவ்வொரு அறிவித்தலுக்கும் ஒரு பொட்டு. இலண்டன், பாரிஸ், சூரிச், மெல்பேண் என்று ஏறிக்கொண்டே போய், மே மாத முடிவில் ரொறன்ரோ இருந்த இடம் தெரியவில்லை. படத்தில் கனடாவுக்கு அம்மை போட்டதுபோல இருந்தது. பிறந்த ஊர்களுக்கு மூத்தவள் யாழ்ப்பாணப் படம் ஒன்று தனியே வரைந்தாள். காரைநகர், வேலணை, நெடுந்தீவு, அளவெட்டி, கரவெட்டி. தீவுப்பகுதியிலிருந்து இவ்வளவு பேர் ஏன் வெளியே போனார்கள் என்று அவள் கேட்டாள். நான் தொடங்கினேன், அம்மா முடித்தார். அந்தப் பின்னேரம் பிட்டு அவிக்கப் பிந்திவிட்டது.

சமூகக்கல்வியில் இதற்கு எத்தனை புள்ளி என்று கேட்காதீர்கள்.

எல்லாம் இப்படி வாய்த்தன என்று நினைக்கவும் வேண்டாம். நாட்குறிப்பு எழுதச் சொன்னேன். சின்னவன் மூன்று நாளும் "இன்று பிட்டு" என்று எழுதிவைத்தான். சவர்க்காரத்தில் யானை செதுக்கச் சொன்னேன், யானை இரண்டு நாளில் குளித்துக் கரைந்தது. விதை ஒட்டிய மயிலை எலி தின்றது. பட்டம் கட்டத் தொடங்கி, நூலைப் பிணைக்கும் முச்சையைக் கட்டுவதில் எங்கள் மூன்று தலைமுறையும் தோற்றுப்போனோம். தை மாதத்தில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் அவர்கள் ஏற்றும் பட்டங்களைப் பார்த்தபிறகு எங்கள் தோல்வியைப் பற்றிப் பேசுவதே அதிகப்பிரசங்கம்.

ஆனால் கேத்தல் விஷயத்தைச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் கேத்தல் வைத்திருக்கும் எவருக்கும் அதன் அடியில் படியும் வெள்ளைத் தோல் தெரியும். அம்மா அதைத் தேசிக்காய்ப்புளி விட்டுக் கழுவுவார். ஒருநாள் சின்னவன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா, கேத்தல் இரைகிறது" என்றான். பார்த்தால் புளி பட்ட இடத்தில் நுண்ணிய குமிழிகள். வளவில் கிடந்த சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றை எடுத்து அதன்மேல் புளி விட்டோம். அதே குமிழி. முட்டைக்கோதிலும் அதே குமிழி. கேத்தலில் இருப்பது நிலத்தில் இருக்கும் கல்லேதான் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. கிணற்றில் அள்ளுகிறோம். கொதிக்க வைத்தால் அந்த வாயு வெளியேற, கரைந்திருந்த கல் மறுபடி கல்லாகிக் கேத்தலில் உட்காருகிறது. இந்தக் குடாநாடு முழுவதும் அந்தக் கல்லின் மேல்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் எங்களுக்கு ஆறு கிடையாது. கல்லுக்குள் தேங்கும் மழைதான் குடிநீர், தோட்டத்து நீர் எல்லாம்.

கேத்தலில் தொடங்கியது கிணற்றுக்குப் போனது. எங்கள் கிணற்றில் நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த இடம்வரை முழம் போட்டுப் பார்த்தார்கள். மூத்தவளுக்கு 14 முழம். சின்னவனுக்கு 17. அம்மாவுக்கு 11. மூன்று பேரும் சண்டை. அவரவர் முழம் அவரவர்க்குச் சரி. கடைசியில் அம்மாவின் முழத்தையே வீட்டு முழமாக வைத்து, கயிற்றில் அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டார்கள். அளவுகள் நியமமாக இருக்கவேண்டியதன் அவசியம் யாது என்று தரம் 5 வினாத்தாளில் ஒரு கேள்வி வருமானால் இதைவிட நல்ல விடை இருக்காது. வரவில்லை.

ஞாயிறுதோறும் அளந்து ஒரு தாளில் புள்ளி வைத்து இணைத்தார்கள். கோடு வைகாசி, ஆனி, ஆடி என்று சரிந்துகொண்டே போனது. புரட்டாதியில் படுத்துக் கிடந்தது. எங்கள் மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டுவது. ஐப்பசியில் கோடு தலை தூக்கியது. டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் வந்தது. யாழ்ப்பாணம் வெள்ளத்தில் நின்றது. மழை விட்டதும் சின்னவன் குடையோடு ஓடிக் கயிற்றை இறக்கினான். மூன்று முடிச்சுக்கூட இறங்கவில்லை. கோடு தாளின் மேல் விளிம்பைத் தாண்டிவிட்டது. அவன் இன்னொரு தாளை மேலே ஒட்டி அதில் ஏறிப்போனான். அந்த ஒட்டுத்தாள் வரைபடம் இன்றைக்கும் குசினிக் கதவின் பின்னால் இருக்கிறது.

புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் இருப்பதை எல்லோரும் சொல்லக் கேட்டிருப்போம். அதையும் ஒரு கண்ணாடிக் குவளையில் செய்து பார்த்தோம். பீற்றூட் சாறு கலந்த உப்புநீர் கீழே. அதன்மேல் கரண்டியின் முதுகில் மெதுவாக நல்ல தண்ணீர். அவசரப்பட்டு ஊற்றினால் எல்லாம் ஒரே சிவப்பு. பொறுமையாக ஊற்றினால் இரண்டு அடுக்காக நிற்கும். சின்னவன் அதில் குடிகுழலை விட்டு மேலிருந்து வேகமாக உறிஞ்சினான். கீழிருந்து சிவப்பு மேலே ஏறி வந்து வாயில் உப்புக் கரித்தது. "மோட்டார் போட்டுக் கனக்க இறைத்தால் இப்படித்தான் வரும்" என்றார் அம்மா. தோட்டக்காரரின் மகள் அவர்.

ஜூலையில் திறந்த பாடசாலை மீண்டும் மூடப்பட்டிருந்த நேரத்தில் ஆடிப்பிறப்பு வந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாடலைப் பாடாமல் இங்கே ஒரு பிள்ளை வளர்வதில்லை. ஆனால் பாடிப் பாடியே அதன் சொற்களைக் கேளாமல் விட்டுவிடுகிறோம். இம்முறை அதை ஒரு சமையல் குறிப்பாக வாசிப்போம் என்றேன். மூத்தவள் கொப்பியில் வேலைகளை வரிசைப்படுத்தினாள். பயறு வறுத்தல், அரிசி இடித்தல், தெள்ளுதல், மா வறுத்தல், தேங்காய் துருவல், பனங்கட்டி, பலாவிலை. ஒன்றும் விடுபடவில்லை, முறைகூட மாறவில்லை. புலவர் அடுப்படியில் நின்று பார்த்தவர் என்பது அந்தப் பட்டியலில் தெரிந்தது. அளவு மட்டும் சொல்லவில்லை. அதற்கு அம்மாவிடம்தான் போகவேண்டியிருந்தது, அம்மாவோ "கண் அளவு" என்றார். தெள்ளுவதற்கும் கொழிப்பதற்கும் புடைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சுளகை எடுத்துக் காட்டினார். அகராதியில் ஒன்றைச் சொன்னால் மற்றதைப் பொருளாகப் போட்டிருப்பார்கள். சுளகில் மூன்றும் மூன்று கை.

விடுமுறை வருகிறது என்ற குதூகலத்தோடு தொடங்குகிற பாடல் அது. சின்னவன் கேட்டான்: "நாங்கள் நான்கு மாதமாக விடுமுறையில்தானே இருக்கிறோம், அம்மா?" பதில் சொல்லாமல் பலாவிலை பொறுக்க அனுப்பினேன். ஈர்க்கால் குத்திக் கோலிய இலைகளில் பாதி ஒழுகின. கூழ் கட்டிபட்டிருந்தது. ஒழுகிய கூழைப் பூனை நக்கியது.

புத்தகங்களைப் பற்றிக் குறைவாகவே சொல்ல இருக்கிறது. நூலகம் என்றதும் எங்கள் தலைமுறைக்கு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981தான் நினைவில் எழும். என் பிள்ளைகளுக்கோ அது சனிக்கிழமைகளில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டுப் போகும் குளிர்ந்த தரை. அது பூட்டியிருந்தது. இணையத்தில் 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தில் நான் சிறுமியாக வாசித்தவை போன்ற பழைய சிறுவர் இதழ்களைத் தேடி எடுத்தேன். கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மூத்தவள் வாசித்தாள். பக்கத்து வீட்டாரோடு மதிலுக்கு மேலால் புத்தகம் மாற்றும் ஏற்பாடும் நடந்தது. வந்த புத்தகத்தை மூன்று நாள் வெயிலில் வைத்தோம். "புத்தகத்துக்கும் தனிமைப்படுத்தலா?" என்றார் அம்மா. கடைசி வெற்றுப் பக்கத்தில் வாசித்தவர் பென்சிலால் ஒரு வரி எழுதவேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்பிள்ளை சட்டம் போட்டது. சின்னவன் எழுதிய முதல் புத்தக விமர்சனம்: "நரி பாவம்."

அந்த ஒக்டோபரில் தள்ளிப்போன பரீட்சை நடந்தது. மூத்தவள் வெட்டுப்புள்ளிக்கு நாலு புள்ளி குறைவாக எடுத்தாள். நீத்துப்பெட்டி இழைத்த நேரத்தில் வினாத்தாள் செய்திருந்தால் அந்த நாலு புள்ளி வந்திருக்கலாம். வந்திருக்காமலும் விடலாம். இரண்டு நாள் அழுதாள். நானும் குளியலறையில் அழுதேன். இதையெல்லாம் செய்தால் பிள்ளை பரீட்சையில் வெல்லும் என்று எவராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

2022இல் மறுபடியும் வீடு. இம்முறை எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியால மின்வெட்டு. எனக்கு 90களின் வாசனை அடித்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் யாழ்ப்பாணத்துக்குள் வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் மிதிகட்டையைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின் எடுத்துப் பிபிசி தமிழோசை கேட்போம். சுற்றுகிற என் தம்பி களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். முக்கியமான செய்தி வரும்போது மட்டும் பெரியவர்கள் சுற்றலை வாங்கிக்கொள்வார்கள்.

தம்பியின் அந்தச் சைக்கிள் கொட்டிலில் துருப்பிடித்து நின்றது. டைனமோ உயிரோடிருந்தது. டோர்ச்சிலிருந்து எடுத்த சின்ன எல்ஈடி ஒன்றைப் பொருத்தினோம். எரிந்தது, ஆனால் மெதுவாகச் சுற்றினால் மின்மினிபோலத் துடித்தது. டைனமோ தருவது ஆடலோட்டம். முன்னும் பின்னும் திசை மாறும். எல்ஈடியோ ஒரு திசையில் மட்டும் விடும் வாயிற்காவலன். இன்னொன்றை எதிர்த்திசையில் சேர்த்துக் கட்டியதும் துடிப்புக் குறைந்தது. இதை மூத்தவள் தன் தரம் 7 அறிவை வைத்துக்கொண்டு அரைகுறையாகவும், தம்பி பிரான்ஸிலிருந்து தொலைபேசியில் மீதியையும் விளக்கினார்கள்.

அந்த வெளிச்சத்தில் வாசிப்பு. ஒருவர் சுற்ற மற்றவர் வாசிப்பது ஒப்பந்தம். கதையில் பயமான இடம் வந்தால் சின்னவன் சுற்றலை மெதுவாக்கி இருட்டாக்கிவிடுவான். இரண்டு நாளில் அவனுக்கு ஒரு கணக்குப் புரிந்தது: சுற்றுவதைவிட வாசிப்பது இலகு. மூன்றாம் நாளிலிருந்து "நான் வாசிக்கிறேன், நீ சுற்று அக்கா" என்று புத்தகத்தைக் கைப்பற்றிக்கொண்டான். படமில்லாத முதல் நாவலை அவன் முடித்தது சோம்பலினால்தான். இலக்கிய ஆர்வம் என்று நான் வெளியில் சொல்லிக்கொள்கிறேன்.

அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது ஊசியில் நூல் கோக்கிறார். ஆனாலும் மரண அறிவித்தலை அவன்தான் வாசிக்கவேண்டும். அவனுக்கு வயது 12, குரல் உடையத் தொடங்கிவிட்டது. ஒருநாள் வாசித்து முடிந்ததும், "இவர்கள் எழுதுகிற தமிழைப் பார். எனக்கு இப்படிப் பிழையோடு போடவேண்டாம். இப்போதே எழுதிவைப்போம், கொப்பியைக் கொண்டு வா" என்றார். அவன் தயங்கி என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்வது? பாடசாலையில் சொல்வதெழுதல் இருக்கிறதுதானே, இது அம்மம்மாவின் சொல்வதெழுதல்.

80 பக்கக் கொப்பி. பென்சிலால் மட்டும் எழுதவேண்டும், ஏனென்றால் உறவு மாறும். திகதிக்கு இடம் விட்டிருக்கிறது. பிறப்பிடமும் கொக்குவில், வதிவிடமும் கொக்குவில். "ஒரே ஊரை ஏன் இரண்டு தரம் எழுதவேண்டும்?" என்று அவன் கேட்டதற்கு, "இடையில் எத்தனை தரம் ஓடினேன் என்று உனக்குத் தெரியாது. திரும்பி வந்ததை எழுது" என்றார். ‘ஓய்வுபெற்ற’ என்பதில் அவன் பிழை விடவில்லை. ‘மைத்துனர்’ என்பதில் அம்மா விட்ட பிழையை அவன் திருத்தினான்.

கனடாவில் இருக்கும், மகன் முறையான பெறாமகன் ஒருவருடைய பெயர்தான் அந்தக் கொப்பியில் அதிகம் தேய்ந்த இடம். இரண்டு வருடம் தொலைபேசி எடுக்காததால் அழிக்கப்பட்டார். தீபாவளிக்குக் கதைத்ததால் சேர்க்கப்பட்டார், ஆனால் ‘அன்பு’ இல்லாமல், வெறும் பெறாமகனாக. பொங்கலுக்கு எடுக்கவில்லை, மறுபடியும் அழித்தாயிற்று. தாள் அந்த இடத்தில் ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டது.

போன ஞாயிறு அவர் காணொலியில் வந்தார். பேரப்பிள்ளைகளைக் காட்டினார், பனிக்குவியலைக் காட்டினார். அந்தப் பிள்ளைகள் பனிமனிதன் ஒன்று செய்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா நெடுநேரம் சிரித்துக் கதைத்துவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.

"மோனை, அந்தக் கொப்பியை எடு."

"அன்பு சேர்க்கவா அம்மம்மா? பாசமிகுவும் போடவா?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அன்பு போடு. பாசமிகு பிறகு பார்ப்போம்."

அவன் அழிறப்பரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனான்.